காலை எடுக்கச் சொல்லும் முன், அதன் இரத்த ஓட்டத்தை அளந்தீர்களா?

மதிப்பிற்குரிய அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் மருத்துவமனைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஆறாத கால் புண்களுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. பழைய கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, செத்த சதையை எடுத்து, மறுபடி கட்டிவிடும் செவிலியர்களில் நானும் ஒருத்தி. "இனி இந்தக் கால் தேறாது, எடுத்துவிட வேண்டியதுதான்" என்று நீங்கள் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு, நோயாளியின் பக்கத்தில் நிற்பவர்கள் நாங்கள். அவர் எங்களைத்தான் கேட்கிறார்: "வேற வழியே இல்லையா சிஸ்டர்?"

அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒன்று தெரிய வேண்டும். அந்தக் காலுக்கு எவ்வளவு இரத்தம் போய்ச் சேர்கிறது? கேஸ் ஷீட்டைப் புரட்டினால் சர்க்கரை அளவு இருக்கிறது, கிரியாட்டினின் இருக்கிறது, சீழ் கல்ச்சர் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது. கணுக்காலில் இரத்த அழுத்தம் எவ்வளவு, கால்விரலில் எவ்வளவு என்ற எண்கள் மட்டும் பல நேரம் எந்தப் பக்கத்திலும் இல்லை. மாதக்கணக்கில் கட்டுப் போட்டு, இரண்டு மூன்று மருத்துவர்கள் பார்த்து, கடைசியில் காலை எடுக்க நாள் குறித்த பிறகும் அந்த எண் எழுதப்படாத நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத எந்த நோயாளிக்கும், கணுக்காலுக்கு மேலே காலை எடுப்பது என்ற முடிவு, காலின் இரத்த ஓட்டத்தை அளந்து, புண் ஏன் வந்தது என்று எழுதி, இரத்தக்குழாய் சிகிச்சை தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே எடுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மருத்துவரின் நல்ல மனதைப் பொறுத்து நடக்கிற காரியமாக இது இருக்கக் கூடாது. மருத்துவமனையின் விதியாகவே இருக்க வேண்டும்.

அவசர நிலையை முதலிலேயே தனியாக வைத்துவிடுகிறேன். சதைக்குள் வாயு சேர்ந்து அழுகல் மணிக்கு மணி மேலே ஏறுகிறது, இரத்தம் முழுக்க நஞ்சாகி அழுத்தம் விழுகிறது என்றால், அங்கே யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். உயிர்தான் முதலில். பாதத்துக்குள் சீழ் கட்டியிருந்தாலும் அப்படித்தான். இரத்தக்குழாய்ப் படத்துக்காகக் காத்திராமல் அன்றிரவே திறந்து வடித்தாக வேண்டும். ஆனால் அந்த அவசரத்திலும், சீழை வடித்து, செத்ததை மட்டும் எடுத்துவிட்டு, காய்ச்சலும் அழுத்தமும் சீரான பிறகு மிச்சக் காலைப் பற்றி யோசிக்க இடம் கிடைக்கிற நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு நாளைக் கொடுங்கள்.

இனி அளப்பதைப் பற்றி. இரத்தம் ஓடும் ஒலியைக் கேட்க உதவும் கையடக்க டாப்ளர் கருவி ஒன்று, சாதாரண பி.பி. பட்டை ஒன்று. கணுக்காலின் மேல் அழுத்தத்தை (பி.பி.யில் முதலில் சொல்லும் பெரிய எண்) கையின் மேல் அழுத்தத்தால் வகுத்தால் வருவது கணுக்கால்-கை விகிதம். 0.9-க்குக் கீழே வந்தால் காலின் தமனியில் அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். 0.5-க்குக் கீழே என்றால் கால் பட்டினி கிடக்கிறது என்று பொருள். பயிற்சி உள்ள ஒரு செவிலியர் கட்டுப் பிரிக்கிற அறையிலேயே இதை எடுத்துவிட முடியும்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பல வருடம் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கால் தமனிகளின் சுவரில் சுண்ணாம்புச்சத்து படிந்து குழாய் இறுகிப்போகும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குழாய் அமுங்காது. அதனால் விகிதம் 1.4-க்கு மேலே போகும், அல்லது பார்ப்பதற்கு நல்ல எண்ணாகவே வந்து ஏமாற்றும். உள்ளே அடைப்பு இருக்கும், காகிதத்தில் எல்லாம் சரி என்று இருக்கும். ஆறாத புண்ணோடு வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் சின்னப் பட்டை கட்டி அழுத்தம் பார்க்க வேண்டும். விரலின் சின்னத் தமனிகள் அவ்வளவு எளிதில் இறுகுவதில்லை. பாதத்தில் விரலை வைத்துப் பார்த்து "நாடி தெரிகிறது" என்று எழுதுவதும் இதற்கு மாற்றாகாது. வீங்கிய பாதத்தில் சில நேரம் தொடுகிற விரலின் துடிப்பையே நாடி என்று எண்ணிக்கொள்கிறோம்.

சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் வழிகாட்டுதல் உங்களுக்குத் தெரிந்ததுதான். கணுக்கால் அழுத்தம் 50-க்குக் கீழே, விரல் அழுத்தம் 30-க்குக் கீழே (இரண்டும் பாதரச மில்லிமீட்டரில்) என்றால், அவசரமாக இரத்தக்குழாயைப் படம் எடுத்து ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வழி பாருங்கள் என்கிறது அது. எண்கள் அவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும், நல்ல கவனிப்பு இருந்தும் 4 முதல் 6 வாரத்தில் புண் ஆறும் பாதைக்கு வரவில்லை என்றால் குழாயைப் பாருங்கள் என்கிறது. வாரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் அறைக்கு வருகிறவர்கள் மாதக் கணக்குச் சொல்கிறார்கள், சிலர் வருடக் கணக்குச் சொல்கிறார்கள்.

இரத்தம் திரும்பி வந்தால் புண் எப்படி மாறுகிறது என்பதைக் கட்டுப் பிரிக்கிறவர்கள்தான் முதலில் பார்க்கிறோம். அதுவரை புண்ணின் அடி வெளிறிப்போய், மஞ்சள் பூத்து, கத்தி வைத்தாலும் கசியாமல் கிடக்கும். பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ குழாய் திறந்த பிறகு, செத்த சதையைச் சுரண்டும்போது விளிம்பில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இரத்தம் வரும். அப்புறம் சில வாரத்தில் அடியில் சிவந்த புதுச்சதை கிளம்பும். அதுவரை நாங்கள் போட்ட அதே மருந்து, அதே துணி. மாறியது இரத்தம் மட்டும்.

அதனால்தான் விதவிதமான கட்டுகளைப் பற்றிப் பேச எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. வெள்ளி கலந்தது, தேன் கலந்தது, உறிஞ்சும் நுரை, வெற்றிடக் கருவி எல்லாவற்றையும் கையாண்டிருக்கிறேன். சரியான புண்ணில் சரியான நேரத்தில் சில நன்றாகவே உதவும். அறுவைக்குப் பிறகு ஆழமான குழி விழுந்த பாதத்தில் வெற்றிடக் கருவி செய்யும் வேலையை மதிக்கிறேன். புழு வைத்துச் சுத்தம் செய்யும் முறை செத்த சதையைச் சீக்கிரம் எடுக்கிறது, ஆனால் 2009-ல் வெளியான பெரிய சோதனையில் புண் ஆறும் காலத்தை அது குறைக்கவில்லை. உயர் அழுத்த ஆக்சிஜன் அறையைப் பற்றிய சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தண்ணீர் பாயாத வயலுக்கு உரத்தை மாற்றி மாற்றிப் போட்டு என்ன பயன்? முதலில் வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

குழாயைத் திறப்பது எப்படி என்பதில் உங்களுக்குள்ளேயே விவாதம் இருக்கிறது, அது தெரியும். 2022-ல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. சோதனையில், மாற்றுக்குழாயாக வைக்கக் காலின் நல்ல சிரை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்) ஒன்று முழு நீளத்துக்குக் கிடைத்தவர்களுக்குப் பைபாஸ் மேலாக இருந்தது. அடுத்த வருடம் வந்த பேசில்-2 சோதனையில், முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளைத் திறக்க வேண்டியவர்களுக்குப் பலூன் வழி மேலாக இருந்தது. இதில் யார் சரி என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இரண்டு சோதனையும் ஒரு விஷயத்தைக் காட்டுகின்றன: எந்த வழி பொருந்தும் என்பது நோயாளிக்கு நோயாளி மாறும், இரண்டும் தெரிந்த ஆட்கள் உட்கார்ந்து பேச வேண்டும். உங்கள் மருத்துவமனையில் அந்த வசதி இல்லை என்றால், "இங்கே செய்ய முடியாது" என்று எழுதி வேறிடத்துக்கு அனுப்புங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. "செய்ய எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டால்தான் நோயாளிக்கு எல்லாக் கதவும் அடைபடுகிறது.

அளப்பது காலை எடுக்கும் முடிவுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சிகிச்சை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் அந்த எண்தான் சொல்கிறது. கணுக்காலுக்குச் சற்று மேலே உள்பக்கத்தில், சுற்றிலும் தோல் கறுத்து, நீர் வடிந்துகொண்டே இருக்கும் புண் பெரும்பாலும் சிரைகளின் கோளாறால் வருவது. முழங்காலுக்குக் கீழே வரும் நாட்பட்ட புண்களில் பெரும்பங்கு இந்த வகைதான். இதற்கு அடிப்படை மருத்துவம், கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் அழுத்தம் கிடைக்கும்படி பல அடுக்காகச் சுற்றும் இறுக்கக் கட்டு. 2018-ல் 450 பேரை வைத்து நடந்த சோதனையில், இறுக்கக் கட்டோடு சேர்த்துப் பழுதான சிரையையும் சீக்கிரமே அடைத்தவர்களுக்குப் புண் ஆற நடுமதிப்பாக 56 நாள் ஆனது. காத்திருந்தவர்களுக்கு 82 நாள். இவ்வளவு தெரிந்த பிறகும், களிம்பும் தளர்வான துணிக்கட்டும் மட்டுமே வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் இறுக்கக் கட்டுப் போடவில்லை என்று கேட்டால், "தமனி எப்படி இருக்கிறது என்று தெரியாது, இறுக்கினால் கால் கறுத்துவிடும் என்று பயம்" என்பார்கள். நியாயமான பயம். தமனி அடைத்த காலில் இறுக்கக் கட்டுப் போட்டால் கால் போய்விடக்கூடும். ஆனால் பயத்தைத் தீர்க்கும் டாப்ளர் கைப்பை அளவுதான். அளக்காததால் ஒருவருக்குத் தேவையான கட்டுக் கிடைக்கவில்லை, இன்னொருவருக்கு ஆகாத கட்டு விழுந்துவிடுகிறது.

பாதத்தின் அடியில் வரும் புண் வேறு கதை. நரம்பு உணர்ச்சி போய், ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து, ஆணி கட்டி, அதன் அடியில் புண் பள்ளமாகிறது. இரத்த ஓட்டம் நன்றாக இருந்து, ஆழமான கிருமித் தொற்றும் இல்லை என்றால், இதற்குத் தேவை அந்த இடத்திலிருந்து பாரத்தை எடுப்பது. பாதம் முழுக்க ஒட்டி உட்காரும் மாவுக்கட்டு இதற்காகவே உண்டானது. 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் இதைத் தொழுநோயாளிகளின் பாதப்புண்களுக்குப் போட்டார். பிறகு வேலூரில் வேலை செய்த மருத்துவர் பால் பிராண்ட் இதை அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளுக்கு வந்தது. 2001-ல் வெளியான ஓர் ஒப்பீட்டுச் சோதனையில், இந்த மாவுக்கட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு 12 வாரத்தில் புண் ஆறியது. கழற்றி மாட்டும் வகைக் காலணி போட்டவர்களில் 65 சதவீதம்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அதே குழுவினர் பிறகு பார்த்தார்கள். கழற்றக்கூடிய காலணி கொடுக்கப்பட்டவர்களின் நடையை அளவிட்டபோது, ஒரு நாளின் மொத்த நடமாட்டத்தில் 28 சதவீதம் மட்டுமே அதைப் போட்டுக்கொண்டு நடந்திருந்தது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், "சொன்னபடி கேட்கவில்லை, அதனால் கால் போகிறது" என்று கேஸ் ஷீட்டில் எழுதும் பழக்கம் என்னை ரொம்பவும் வருத்துகிறது. வலி தெரியாத பாதத்தைப் பாதுகாப்பது வலி தெரிகிறவர்களால் கற்பனை செய்யக்கூட முடியாத வேலை. இரவில் கழிவறைக்கு எழுந்து போகிறவர் காலணியை மறப்பது குற்றமா? அவர் மறந்தாலும் காக்கும் கட்டை நாம் போட்டிருக்க வேண்டும். அதைப் போடாமல் அவர் மேல் பழியை எழுதுவது நியாயமில்லை.

அரிதான காரணங்களும் இருக்கின்றன. பயோடெர்மா கேங்க்ரினோசம் என்ற நோயில் ஊதா விளிம்போடு புண் வேகமாகப் பரவும், கத்தி வைத்தால் இன்னும் பெரிதாகும். அதற்கு மருந்து ஸ்டீராய்டு போன்ற நோயெதிர்ப்பைத் தணிப்பவை. அதைக் கிருமிப் புண் என்று எண்ணி வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் கால்தான் மிச்சமிருக்காது. பல வருடப் புண் சில நேரம் புற்றாகவும் மாறும். விளிம்பு தடித்து, பூப்போலக் கிளம்பி, தொட்டதும் இரத்தம் கசிகிற பழைய புண்ணைக் கண்டால் விளிம்பிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரு சின்னத் துண்டு போதும்.

கிருமித் தொற்றைப் பற்றி ஒரு வார்த்தை. புண்ணின் மேல் பஞ்சை ஒற்றி எடுத்து அனுப்பினால் ஏதாவது ஒரு கிருமி வளரத்தான் செய்யும், மேலே குடியிருப்பவை அவை. சிவப்பு, சூடு, வீக்கம், சீழ் எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதால் புண் ஆறுவதில்லை. எலும்பில் தொற்று என்றாலே காலை எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கெட்ட எலும்பை மட்டும் எடுத்தோ, சிலருக்குச் சரியான மருந்தை ஆறு வாரம் வரை கொடுத்தோ பாதத்தைக் காப்பாற்ற முடிகிறது. ஒரு விரலை இழப்பதற்கும் முழங்காலுக்குக் கீழே இழப்பதற்கும் இடையே ஒரு மனிதரின் மிச்ச வாழ்க்கை முழுக்க இருக்கிறது.

காலை எடுப்பது எப்போதுமே தோல்வி என்று நான் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகி, முழங்கால் மடங்கி இறுகிப்போய், இரவும் பகலும் வலியில் கிடக்கும் ஒருவருக்கு நல்ல முறையில் காலை எடுப்பதே நிம்மதி தரலாம். திறக்கவே முடியாத குழாய்களும் இருக்கின்றன. எல்லாம் தெரிந்துகொண்டு "போதும், எடுத்துவிடுங்கள்" என்று நோயாளியே சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அந்த முடிவை மதிக்கிறேன். அங்கேயும் அளவு தேவைப்படுகிறது. எங்கே வெட்டினால் ஆறும் என்பதை இரத்த ஓட்டம்தான் தீர்மானிக்கிறது. முழங்கால் மிஞ்சினால் செயற்கைக் காலோடு நடக்க வாய்ப்பு அதிகம். முழங்காலுக்கு மேலே போய்விட்டால் வயதான பலர் திரும்ப நடப்பதே இல்லை.

ஆனால் "காலை எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்று அவர்களிடம் சொல்லப்படுவது உண்மையில்லை. சர்க்கரை நோயாலோ தமனி அடைப்பாலோ காலை இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். காலை எடுத்ததே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே பழுதானவர்கள் அவர்கள். அது புரிகிறது. ஆனாலும் இது எவ்வளவு கனமான முடிவு என்பது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரிய வேண்டும். இப்போது அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது? இரவில், அவசரமாக, உறவினர்களைத் தனியே அழைத்துப் பேசி, நோயாளிக்குக் கடைசியாகச் சொல்லி. கால் அவருடையது.

நிர்வாகிகளிடம் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 1981-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில், சர்க்கரை மருத்துவர், அறுவை மருத்துவர், பாத மருத்துவர், காலணி செய்பவர், செவிலியர் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் பாதக் கிளினிக்கைத் தொடங்கினார்கள். சில வருடங்களிலேயே பெரிய கால் நீக்கங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 1989-ல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வெளியிட்ட செயின்ட் வின்சென்ட் பிரகடனம், சர்க்கரை நோயால் அழுகிக் கால் எடுப்பதை ஐந்து வருடத்தில் பாதியாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்தக் கிளினிக்கில் அதிசய மருந்து எதுவும் இல்லை. தனித்தனிக் கட்டடத்தில் இருந்தவர்கள் ஒரே நாளில் ஒரே காலைச் சேர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். எங்கள் நோயாளிகள் ஒவ்வொரு துறைக்கும் தனிச் சீட்டு வாங்கி, புண் காலை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு துறையின் தேதி வரும்போது இன்னொரு விரல் கறுத்திருக்கிறது.

எனவே கட்டுப் போடும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு டாப்ளரும் விரல் பட்டையும் வாங்கிக் கொடுங்கள், செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். எண் மோசமாக இருந்தால் செவிலியரே நேரடியாக இரத்தக்குழாய்ப் பிரிவுக்கு அனுப்ப அதிகாரம் கொடுங்கள். ஒப்புதல் படிவத்தோடு இன்னொரு பக்கம் சேருங்கள். கணுக்கால் அழுத்தம், விரல் அழுத்தம், புண்ணின் காரணம், குழாய்ப் படத்தில் தெரிந்தது, பார்த்தவர் பெயர், ஓட்டத்தைத் திருப்ப ஏன் முடியாது என்பதற்கான காரணம் எல்லாம் அதில் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். நிரம்பாத படிவத்தோடு, அவசரம் இல்லாத நோயாளியை அறுவை அறைக்கு அனுப்பக் கூடாது. ஒவ்வொரு பெரிய கால் நீக்கத்தையும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், பழி சொல்வதற்காக இல்லாமல், எந்த வாரத்தில் எந்த எண் எடுத்திருந்தால் வேறு வழி கிடைத்திருக்கும் என்று தெரிந்துகொள்ள. ஆறிப் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஆறிய சர்க்கரைப் பாதப்புண்ணில் சுமார் 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகிறது. கட்டு அவிழ்ந்த அன்றே காலணியும் அடுத்த தேதியும் அவர் கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவு கேட்கிற நாங்கள் எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம். கருவி கைக்கு வந்தால், புண்ணைப் பிரிக்கும் முதல் நாளே இரண்டு காலையும் அளந்து கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவோம். விரல் அழுத்தம் 30-க்குக் கீழே வந்தால், எந்த நேரமானாலும் உங்களை அழைப்போம். அப்போது அடுத்த சுற்று வரை தள்ளிப்போடாமல், வந்து அந்தக் காலைப் பாருங்கள்.

இப்படிக்கு,
புண் கட்டும் பிரிவுச் செவிலியர் ஒருவர்